"பிள்ளை என்ன நிறம், சிஸ்டர்?"

பிரசவ வார்டுக்கு வெளியே காத்திருப்பவர்களின் கேள்விகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஆணா, பெண்ணா. அடுத்து, தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்களா. அப்புறம் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு, "பிள்ளை என்ன நிறம், சிஸ்டர்?" பெண் பிள்ளை என்று சொல்லிவிட்டால் இந்த மூன்றாவது கேள்வி கட்டாயம் வரும். ஆண் பிள்ளை என்றால் சில நேரம் விட்டுவிடுவார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான்: ஆச்சி, அத்தை, சித்தி. சில சமயம் பெற்றவளே கேட்பாள், தையல் போட்டு முடிப்பதற்குள்.

திருநெல்வேலிப் பக்கம் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். நல்ல கறுப்பு. கேள்வியைக் கேட்டுவிட்டு என் முகத்தை நிமிர்ந்து பார்த்துச் சங்கடப்பட்டு, "உங்களைச் சொல்லலை சிஸ்டர்" என்று சேர்த்துக்கொண்டவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் சொல்லும் பதில் எப்போதும் ஒன்றுதான்: "2 கிலோ 900 இருக்கு. பிறந்ததும் நல்லா அழுதுச்சு. இப்பப் பால் குடிக்குது. வேற என்ன தெரியணும்?" எடையைச் சொன்னால் பேச்சு எடைப் பக்கம் போய்விடும். என்னிடம் பயிற்சிக்கு வந்த பெண்களுக்கும் இதையே சொல்லிக்கொடுத்தேன். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை நம் வாயிலிருந்து போகக் கூடாது. "மாநிறம்தான், கவலைப்படாதீங்க" என்று ஆறுதலாகச் சொன்னால்கூட, கவலைப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது என்று மருத்துவமனையே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

நிறத்தை வைத்துப் பெண்ணை மட்டம் தட்டினால் மனசு புண்படும் என்பது எல்லாருக்கும் தெரியும். அது உடம்பையும் கெடுக்கும் என்பதை நான் வார்டில்தான் பார்த்தேன். செய்கிறவர்கள் வேண்டாதவர்கள் இல்லை, அந்தப் பெண்ணின் மேல் உயிரையே வைத்திருப்பவர்கள். கறுப்பான பெண்ணுக்கு வரன் தள்ளிப்போகும், நகை கூடக் கேட்பார்கள் என்ற கணக்கு அவர்கள் பட்டுத் தெரிந்துகொண்டது. அந்தப் பயத்தில்தான் மாத்திரையை நிறுத்துகிறார்கள், பிஞ்சுத் தோலைத் தேய்க்கிறார்கள், முகத்தில் கண்டதையும் பூசுகிறார்கள். விளம்பரத்தைத் திட்டுவது சுலபம். பெற்ற அம்மாவுக்கும் மாமியாருக்கும் பதில் சொல்வதுதான் கஷ்டம். அதற்கு எனக்குத் தெரிந்த வழிகளை எழுதுகிறேன்.

சத்து மாத்திரையிலிருந்து தொடங்க வேண்டும். இதில்தான் உயிரே போகும்.

இரும்புச்சத்து மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்ற நம்பிக்கை இன்னும் சாகவில்லை. நம் ஊரில் மட்டும் இல்லை, வேறு பல மாநிலங்களிலும் கர்ப்பிணிகள் மாத்திரையை நிறுத்துவதற்குச் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. நம்பிக்கைக்கு ஒரு பிடிமானம் வேறு கிடைத்துவிடுகிறது: மாத்திரை போடும் நாட்களில் மலம் கறுப்பாகப் போகும். உடம்பு எடுத்துக்கொள்ளாத இரும்பு வெளியேறும்போது வரும் நிறம் அது, அவ்வளவுதான். ஆனால், "வெளிய வர்றதே இப்படி இருந்தா உள்ள இருக்கிற பிள்ளை எப்படி இருக்கும்?" என்று ஒரு ஆச்சி கேட்டபோது, அவர் அதை யோசித்துத்தான் கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

ஏழாம் மாதத்தில் வந்த ஒரு பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 7-க்கும் கீழே இருந்தது. ஒவ்வொரு முறையும் மாத்திரை வாங்கிப் போனதாகப் பதிவு இருக்கிறது. கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள். கூட வந்த அவள் அம்மாதான் சொன்னார், மாத்திரை எல்லாம் அரிசிப் பானைக்குள் கிடக்கிறது என்று. "எம்மவளும் கறுப்பு, மாப்பிள்ளையும் கறுப்பு. வர்ற பிள்ளையாவது கொஞ்சம் நிறமா வரட்டும்னுதான் சிஸ்டர்." அந்தப் பெண்ணுக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. பிரசவத்தில் எல்லாருக்கும் போகிற அளவு ரத்தம் போனாலே இவ்வளவு ரத்தசோகை உள்ளவளால் தாங்க முடியாது. மகள் மேல் உள்ள பாசத்தில் மகளையே ஆபத்தில் தள்ளியிருக்கிறார் அந்தத் தாய். அதை எடுத்துச் சொன்னபோது அவர் அழுத அழுகையை இன்றும் மறக்க முடியவில்லை.

இது ஏதோ ஒரு வீட்டுக் கதை இல்லை. 2019–21-இல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயதுவரை உள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. கர்ப்பிணிகளிலும் பாதிக்கு மேல். இதற்கு வறுமை, சாப்பாடு, மாதவிடாய், குடற்புழு என்று காரணங்கள் நிறைய. அவற்றோடு நிறப் பயமும் சேர்ந்துகொள்வதைத்தான் தாங்கவே முடியவில்லை, ஏனென்றால் அது ஒன்றை மட்டும் பேசியே சரிசெய்யலாம்.

எப்படிப் பேசுவது? "மூடநம்பிக்கை" என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்தது. பெரியவர்களிடம் நான் ஒரு கேள்வி கேட்பேன். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க ஆச்சி? எல்லாம் ஒரே நிறமா?" பெரும்பாலும் இல்லை என்பார்கள், மூத்தது அப்பா மாதிரி, இளையது சித்தப்பா மாதிரி என்பார்கள். "எல்லாம் வயித்துல இருக்கும்போது ஒரே சாப்பாடுதானே சாப்பிட்டீங்க?" இதற்குமேல் விளக்கம் அதிகம் தேவைப்படாது. அம்மாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வரும் மரபணுக்கள் கரு உருவாகும்போதே சேர்ந்துவிடுகின்றன, அதற்குப் பிறகு எதைத் தின்றாலும் எதை நிறுத்தினாலும் அது மாறாது என்று சொல்லிவிட்டு, மாத்திரையை வேளாவேளைக்குக் கொடுக்கும் பொறுப்பை அந்த ஆச்சியிடமே ஒப்படைப்பேன். பொறுப்பு கைக்கு வந்துவிட்டால் அவர்களைவிடக் கண்டிப்பானவர்கள் யாரும் இல்லை.

அரசு கொடுக்கும் மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கும். நான்காம் மாதத்திலிருந்து தினமும் ஒன்று, குறைந்தது 180 நாள். பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். குமட்டினால் ராத்திரி சாப்பிட்டபின் போடலாம். டீ, காப்பியோடு போட்டால் உடம்பில் சேராது; எலுமிச்சைச் சாறோடு போட்டால் நன்றாகச் சேரும். கால்சியம் மாத்திரையை வேறு நேரத்தில் போட வேண்டும். குங்குமப்பூவைப் பற்றி நீட்டிப் பேச எனக்கு விருப்பம் இல்லை. பாலில் போட்டுக் குடித்தால் மணமாக இருக்கும், நிறத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தக் காசுக்கு முட்டையும் கீரையும் கடலை மிட்டாயும் வாங்கிக் கொடுங்கள்.

இதே விஷயத்தின் இன்னொரு பக்கம். "மாசமானதும் பிள்ளை நல்லா நிறம் வந்துட்டா" என்று யாராவது சந்தோஷப்பட்டால், அந்தப் பெண்ணின் கீழ் இமையை இழுத்துப் பாருங்கள். நாக்கு, உள்ளங்கை, நகம் எல்லாவற்றையும் பாருங்கள். வெளிறிப் போயிருந்தால் அதற்குப் பெயர் நிறம் இல்லை, ரத்தமின்மை. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று கேளுங்கள். கர்ப்ப காலத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் குறைந்தாலே ரத்தசோகை என்று கணக்கு. வெளுத்த முகத்தைப் பார்த்து வீடே பூரித்துக்கொண்டிருக்கும்போது, அந்தப் பெண்ணால் ஒரு குடம் தண்ணீரைத் தூக்க முடியாமல் இருக்கும்.

பிள்ளை பிறந்த பிறகு காது மடலைப் பார்ப்பார்கள். நகக்கண்ணையும் பார்ப்பார்கள். அங்கே என்ன நிறம் தெரிகிறதோ, பின்னால் பிள்ளை அந்த நிறத்துக்கு வரும் என்பது கணிப்பு. பிறக்கும்போது பிள்ளைகள் சிவந்தும் வெளிறியும் இருப்பதும், தோலுக்கு நிறம் தரும் மெலனின் கூடக் கூட சில வாரங்கள், மாதங்களில் சொந்த நிறத்துக்கு வருவதும் உண்மை. இதில் பழி வந்து விழுவது பெற்றவள் மேல். "பொறந்தப்ப எப்படி இருந்துச்சு, நீ குளிப்பாட்டுற லட்சணத்துல கறுத்துப்போச்சு." அதற்குப் பயந்து கடலை மாவையும் பயத்தமாவையும் மஞ்சளையும் போட்டு மூன்று மாதக் குழந்தையைத் தேய்க்கிறார்கள். குழந்தையின் தோல் நம் தோலைவிட மெல்லிசு. தேய்த்தால் சிவந்து தடித்துச் சிரங்காகத்தான் ஆகும். பிள்ளை பெற்றவளுக்குச் சொல்கிறேன்: யார் கேட்டாலும் "டாக்டர் மாவு போடக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்று எங்கள் மேல் பழியைப் போட்டுவிடுங்கள். அதற்குத்தான் நாங்கள் இருக்கிறோம். வெறும் தண்ணீரும் மென்மையான சோப்பும் போதும்.

மஞ்சள் காமாலை விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுக்கு அனுப்பிய ஒரு பிள்ளையை ஐந்தாம் நாள் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். எழுப்பினாலும் எழவில்லை, பால் இழுக்கவில்லை. உள்ளங்கால்வரை மஞ்சள். இரண்டு நாளாகவே அப்படித்தான் இருந்திருக்கிறது. "தங்க நிறமா இருக்குன்னு எல்லாரும் கொண்டாடிட்டு இருந்தோம்" என்றார் அப்பாவின் அம்மா. நீல விளக்கில் வைத்து, ரத்தமும் மாற்றித்தான் அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற முடிந்தது. ரத்தத்தில் இந்த மஞ்சளுக்குக் காரணமான பிலிருபின் என்ற பொருளின் அளவு மிக அதிகமாகி மூளைக்குப் போய்விட்டால் காது கேட்காமல் போகலாம், கைகால் இயக்கம் கெடலாம், உயிரும் போகலாம்.

கறுப்பான, மாநிறமான பிள்ளைகளுக்குத் தோலை மேலோட்டமாகப் பார்த்துக் காமாலையைக் கண்டுபிடிக்க முடியாது. பகல் வெளிச்சத்தில் வைத்து, நெற்றியிலும் நெஞ்சிலும் விரலால் லேசாக அழுத்தி எடுத்தவுடன் அந்த இடம் என்ன நிறத்தில் தெரிகிறது என்று பாருங்கள். கண்ணின் வெள்ளை, ஈறு இரண்டையும் பாருங்கள். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலும், காலுக்கோ உள்ளங்கைக்கோ இறங்கினாலும், பிள்ளை சோர்ந்து பால் குடிக்காவிட்டாலும் அன்றைக்கே மருத்துவமனைக்கு வந்துவிட வேண்டும். "லைட்டுல வெச்சா பிள்ளை கறுத்துருமே" என்று கேட்டவர்களும் இருக்கிறார்கள். அந்த விளக்கின் நீல ஒளி பிலிருபினை உடம்பு வெளியேற்றக்கூடிய பொருளாக மாற்றுகிறது. அதனால் பிள்ளை கறுக்குமோ என்ற பயத்தில் சிகிச்சையை ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். காலை வெயிலில் காட்டுவது அதற்கு மாற்றும் இல்லை.

இவ்வளவும் பிள்ளை பேசத் தொடங்கும் முன்னாடி. அப்புறம்தான் வார்த்தைகள் வருகின்றன.

கேரளத்தின் தலைமைச் செயலாளராக இருந்த சாரதா முரளீதரன் 2025 மார்ச்சில் முகநூலில் எழுதியதைப் படித்திருப்பீர்கள். அவருக்கு முன் அதே பதவியில் இருந்தவர் அவருடைய கணவர். இருவரின் பணிக்காலத்தையும் ஒப்பிட்டு, கணவருடையது வெள்ளை, இவருடையது கறுப்பு என்று ஒருவர் சொன்னாராம். நாலு வயதில் தன் அம்மாவிடம், மறுபடி வயிற்றுக்குள் வைத்து வெள்ளையாக, அழகாகப் பெற்றுத் தர முடியுமா என்று கேட்டதையும் அவர் எழுதியிருந்தார். நாலு வயது! ஒரு மாநிலத்தின் நிர்வாகத்துக்கே தலைமையாக இருந்த பெண்ணின் மனசில் அந்தக் கேள்வி அத்தனை வருஷம் கிடந்திருக்கிறது.

எனக்கும் அப்படிக் கிடந்தவை உண்டு. வெயிலில் விளையாட விட மாட்டார்கள். தம்பி மட்டும் ஓடுவான். தீபாவளிக்கு மஞ்சள் கலர் பாவாடை கேட்டால், "உனக்கு எடுக்காது" என்று சாம்பல் நிறத்தில் ஒன்று வரும். பெண் பார்க்க வந்த ஒரு குடும்பம், நர்ஸ் வேலையும் சம்பளமும் பிடித்திருக்கிறது, நிறம்தான் கொஞ்சம் கம்மி, அதனால் பத்துப் பவுன் கூடப் போடுங்கள் என்று கேட்டது. கேட்டது மாப்பிள்ளையின் அக்கா. அவரும் என் நிறம்தான். என் அப்பா எழுந்து, "எம்பொண்ணுக்குக் குறை இருக்குன்னு நான் எதுக்கு அபராதம் கட்டணும்?" என்று கேட்டுவிட்டுத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலைக் காட்டினார். அம்மாவுக்கு அப்பா மேல் ரொம்ப நாள் கோபம். எனக்கு அந்த ஒரு கேள்வி வாழ்நாளுக்கும் போதுமானதாக இருந்தது. 1961-லிருந்தே வரதட்சணை கேட்பது இந்தியாவில் குற்றம். நிறத்துக்காகக் கேட்கும் பவுனும் அதில் அடக்கம் என்பதைத் தயங்காமல் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

என் மகளுக்கும் என் நிறம். அவள் விஷயத்தில் நான் ஒன்றை உறுதியாக வைத்திருந்தேன். அவள் முன்னால் யாராவது அவள் நிறத்தைப் பற்றிப் பேசினால், அவள் முன்னாலேயே, அப்போதே பதில் சொல்லிவிடுவேன். தனியாகக் கூப்பிட்டு, "இனிமே அப்படிச் சொல்லாதீங்க மதினி" என்று சொல்வது மரியாதையாக இருக்கும். ஆனால் பிள்ளைக்குத் தெரிவது, அத்தை சொன்னாள், அம்மா சும்மா இருந்தாள் என்பது மட்டும்தான். சண்டை போட வேண்டியதில்லை. "ஆமா மதினி, எங்க நிறம். எங்களுக்குப் பிடிச்ச நிறம்" என்று சாதாரணக் குரலில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடலாம். மறுபடி மறுபடி பேசுகிறவர்களிடம், "இந்தப் பேச்சு எங்க வீட்ல வேண்டாம்" என்று நேராகவே சொல்லியிருக்கிறேன். என் மாமியாரிடமும் சொன்னேன். முகம் சுருங்கியது உண்மை, ஆனால் அதன்பிறகு அவர் பேத்தியிடம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சில ஆறுதல்களை நான் தவிர்க்கச் சொல்வேன். "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்பது ஒன்று. கண்ணன்கூடக் கறுப்புதான் என்பது இன்னொன்று. அழுதுகொண்டு வரும் பெண் பிள்ளைக்கு அந்தக் கடவுள் கணக்கு உதவுவதே இல்லை. வகுப்பில் அவளைக் கிண்டல் செய்த பையனும் கண்ணனைத்தான் கும்பிடுகிறான். "யாருடா சொன்னது, நீ கறுப்பே இல்லையே" என்பது எல்லாவற்றிலும் மோசம், அது பொய் என்று கண்ணாடி சொல்லிவிடும். பிள்ளை கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். மெலனினைச் செய்யும் செல்கள் எல்லார் தோலிலும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கையில்தான் இருக்கின்றன. சிலருக்கு அவை கூடுதலாகச் செய்கின்றன. வெயிலின் புற ஊதாக் கதிரிலிருந்து அது தோலைக் காக்கிறது. நாலாம் வகுப்புப் பிள்ளைக்கு இது தாராளமாகப் புரியும்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். "பாத்தா நம்ம ஆளுக மாதிரியே இல்லையே" என்று ஒருவர் சொல்லும்போது அவர் நிறத்தை மட்டும் பேசவில்லை, சாதியைப் பேசுகிறார். எல்லாச் சாதியிலும் எல்லா நிறமும் இருப்பது அவர் கண்முன்னாடியே தெரிகிறது, ஆனாலும் கறுப்பைக் கீழாக வைக்கும் பழக்கம் போகவில்லை. பிள்ளைக்கு நிறத்தைப் பற்றி மட்டும் தைரியம் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட்டால் பாதி வேலைதான் செய்ததாகும்.

சரி, க்ரீம்களுக்கு வருகிறேன். கர்ப்பத்தில் சிலருக்குக் கன்னத்தில் மங்கு விழும், கழுத்து கறுக்கும். ஹார்மோனால் வருவது, பிரசவத்துக்குப் பிறகு பலருக்குக் குறைந்துவிடும். அதற்குள் பக்கத்து வீட்டு அக்கா ஒரு ட்யூபைக் கொடுத்துவிடுவார். மருந்துக்கடையில் சுலபமாகக் கிடைக்கும், விலையும் குறைவு. பூசிய சில வாரத்திலேயே முகம் பளிச்சென்று ஆகும். ஏன் ஆகிறது என்று ட்யூபைத் திருப்பிப் பார்த்தால் பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒரு ஸ்டீராய்டு இருக்கும், சிலவற்றில் தோலை வெளுக்க வைக்கும் ஹைட்ரோகுவினோனும் சேர்ந்திருக்கும். தோல் நோய்க்கு, மருத்துவர் சொல்லும் நாள் கணக்கில் பூச வேண்டிய மருந்துகள் இவை. மாதக் கணக்கில் முகத்தில் பூசினால் தோல் மெலிந்து ரத்தக் குழாய்கள் தெரியும், பரு கொப்பளிக்கும், மயிர் முளைக்கும், வெயில் பட்டால் எரியும். நிறுத்தினால் முகம் சிவந்து வீங்குவதால் மறுபடி அதையே பூசுவார்கள். அப்படி மாட்டிக்கொண்டவர்கள் தாங்களாக நிறுத்திவிட்டு வீட்டில் அவதிப்பட வேண்டாம். ட்யூபைக் கையோடு எடுத்துக்கொண்டு தோல் மருத்துவரிடம் போங்கள், படிப்படியாக விடுவிக்க வழி இருக்கிறது. பூசும் ஸ்டீராய்டுகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இல் மத்திய அரசு விதியை இறுக்கியது. ஆனாலும் சீட்டு கேட்காமல் எடுத்துக் கொடுக்கும் கடைகள் இருக்கத்தான் செய்கின்றன.

இதைவிடப் பயங்கரம், தயாரித்தவரின் முகவரியோ உரிம எண்ணோ இல்லாமல் விற்கும் டப்பாக்கள். மலப்புரம் மாவட்டத்தில் 2023 வாக்கில் சிறுநீரக நோயோடு வந்த பலரிடம் மருத்துவர்கள் விசாரித்தபோது, முகம் வெளுக்கும் க்ரீம் பூசியது பொதுவாக இருந்தது. காரணம் பாதரசம். இந்தியாவில் அழகுப் பொருளில் பாதரசம் சேர்க்கக் கூடாது. தெரியாமல் கலந்தாலும், கண்ணுக்கான பொருட்கள் தவிர மற்றவற்றில், பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. இப்படி எதையாவது பூசிக்கொண்டிருப்பவருக்குக் காலோ முகமோ வீங்கினால், சிறுநீர் நுரைத்துப் போனால் உடனே சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள், க்ரீமைப் பற்றி மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். வெட்கப்பட்டுச் சொல்லாமல் விடுவதால் நோயின் காரணம் தெரியாமலே நாள் போகிறது.

வெள்ளையாவதற்கு என்று பார்லர்களில் போடும் குளுட்டாதியோன் ஊசி பற்றி ஒரே வரி: போடாதீர்கள்.

கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்து, வெல்வெட் மாதிரி தடித்திருந்தால் அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்கூடு வைத்துத் தேய்ப்பார்கள். வயசுப் பெண்கள் எத்தனை பேர் ரத்தம் வரத் தேய்த்துக்கொண்டு வந்திருக்கிறார்கள்! அது பெரும்பாலும் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். சர்க்கரை அளவைப் பாருங்கள், மாதவிடாய் தள்ளிப்போகிறதா என்று கேளுங்கள். "கழுத்த நல்லாத் தேய்ச்சுக் குளி" என்று திட்டும் அம்மாக்களுக்கு இதை எடுத்துச் சொல்ல வேண்டும்.

வெளியே சில மாற்றங்கள் வந்திருக்கின்றன. கறுப்பானவர்களை வேலை கிடைக்காதவர்களாக, கல்யாணம் ஆகாதவர்களாகக் காட்டி விளம்பரம் எடுக்கக் கூடாது என்று 2014-இல் விளம்பரத் துறையின் தர மன்றம் நெறி வகுத்தது. 1975-இல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-இல் க்ளோ அண்ட் லவ்லி ஆனது. சென்னையில் 2009-இல் தொடங்கிய ‘டார்க் இஸ் பியூட்டிஃபுல்’ இயக்கம் மாதிரி உழைத்தவர்களுக்கு இதில் பங்கு உண்டு, அவர்களுக்கு என் நன்றி. ஆனால் பெயர் மாறிய பிறகும் எங்கள் வார்டில் அந்த மூன்றாவது கேள்வி நிற்கவில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு நிறத்தைச் சொல்லித் தினமும் குத்திக்காட்டும் வீடுகளில் இருக்கும் பெண்களுக்கு: 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் அவமதிப்பதும் கேலி செய்வதும் இழிவான பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் வன்முறையாகவே சொல்லப்பட்டிருக்கின்றன. அடித்தால்தான் புகார் கொடுக்க முடியும் என்று நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். 181-க்குப் போன் செய்தால் என்ன செய்யலாம் என்று சொல்வார்கள். என்றைக்கு, யார், என்ன சொன்னார்கள் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

வரன் பார்க்கும் வீடுகளுக்கும் ஒரு வார்த்தை. ஜாதகத்தோடு கொடுக்கும் விவரத்தில் நிறம் என்ற வரியையே எடுத்துவிடுங்கள். என் மகளுக்கு அப்படித்தான் கொடுத்தோம். தரகர் எழுதித்தான் ஆகணும் என்றார். போட்டோ இருக்கிறதே, பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டோம். அந்தப் போட்டோவை வெளுக்க வைக்கவும் விடவில்லை. பார்த்துவிட்டு வராதவர்கள் வராமலே இருந்தது எங்களுக்கு நல்லதாகப் போயிற்று, வந்தவர்கள் அவளைத் தெரிந்துகொண்டு வந்தார்கள்.

கல்யாண மேக்கப்பில் அவளே முன்னால் நின்று பேசினாள். பொண்ணுக்குக் கொஞ்சம் தூக்கிக் காட்டணும் என்று இரண்டு ஷேடு வெளுப்பாகப் போட்டால் கறுப்புத் தோலில் முகம் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும். கழுத்தும் கையும் தனியாகத் தெரியும். அதனால் ஃபவுண்டேஷனைத் தாடை ஓரத்தில், பகல் வெளிச்சத்தில், கழுத்து நிறத்தோடு வைத்துப் பார்க்கச் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு நாள் போட்டுப் பார்த்து, ஃப்ளாஷ் போட்டும் போடாமலும் போட்டோ எடுத்துப் பாருங்கள். போட்டோ எடுப்பவரிடம் முகத்தை வெளுக்க வைக்கக் கூடாது என்பதை அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசி, ரசீதில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் ஆல்பம் போடும் இடத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு அது போய்ச் சேராது.